டாலியின் தவக்காலம்

"…அப்படின்னா, உனக்கு என்மேல கோவமே வந்ததில்லையா?" என்று அப்பா கேட்டார்.

கேட்டது ஆட்டோவில். அடையாறு பாலத்தின்மேல் வந்துகொண்டிருந்தோம். கழிமுகத்தில் தண்ணீர் வற்றி, சேற்று வாடை முகத்தில் அடித்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் டாலி. அப்பா அதற்கு முன் என்ன சொன்னார் என்பது ஆட்டோ சத்தத்தில் போய்விட்டது. பேச்சின் வால் மட்டும்தான் என் காதுக்கு வந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நான் என்ன பதில் சொன்னேன், அதற்கு அப்பா என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், சாம்பல் புதனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு சாந்தோமில், கோயில் மணி அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிருகிற தூரத்தில். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான பெரிய அத்தை, ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், டாலி. அப்பா ஒரு ஆண்கள் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியர். 'பின் ட்ராப் சைலன்ஸ்' என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் வார்த்தை. அதனால் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பின்ட்ராப். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஃபேனை நிறுத்தியதுபோல வகுப்பு மெல்ல அடங்கி நின்றுவிடும் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். "இவன் வீட்ல இருந்தா நம்ம குக்கர்கூட யோசிச்சுத்தான் விசில் அடிக்குது" என்று அத்தை சொல்வார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார். டெலிபோன் ஆபீசில் அத்தனை வருடம் ஊரையே பேசவைத்துவிட்டு ஓய்வுபெற்றவர், சொந்தத் தம்பி கூடத்துக்கு வந்துவிட்டால் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஜெபமாலை சொல்கிறவரை யாரும் எதுவும் கேட்க முடியாது அல்லவா.

அப்பா என்னை அடித்ததாக எனக்கு நினைவில்லை. அடிக்க அவசியம் வந்ததில்லை. அவர் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தால், நான் செய்துகொண்டிருந்தது எதுவானாலும் அப்படியே நின்றுவிடும். "உங்க பொண்ணு இருக்கற இடமே தெரியல சார்" என்று வந்தவர்கள் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பேன்.

டாலி வெள்ளைப் பொமரேனியன். கிண்டியில் இருந்த மாமா அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த குட்டி. குளிப்பாட்டித் துவட்டினால் தலையணை உறையிலிருந்து பிரிந்துவந்த பஞ்சு மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அதன்மேல் ஆசை உண்டு. இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மாலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போவது அவர்தான். ஆனால் அவருக்கு ஆசையும் ஒழுங்கும் ஒன்றாகத்தான் வரும். பசங்களை வளர்க்கிறது போலத்தான் நாயையும் வளர்க்க வேண்டும், சாப்பாட்டில் பிடித்தால் எல்லாம் கைக்குள் வந்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதனால் டாலிக்கு ஒரு பரீட்சை உண்டு. தட்டை வைத்ததும் தொடக் கூடாது. அப்பா "ஈட்" என்றால்தான் வாய் வைக்கலாம். பாதி சாப்பாட்டில் அப்பா குனிந்து தட்டை எடுத்துவிடுவார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் தட்டு திரும்பக் கிடைக்கும். உறுமினால் மூக்கின்மேல் மரஸ்கேலால் ஒரு தட்டு. ஆரம்பத்தில் டாலி நன்றாகவே உறுமியது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் ஒரு மோட்டார் ஓடுவதுபோல் இருக்கும். ஸ்கேல் விழ விழ மோட்டார் சத்தம் குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. அப்பாவின் கை தட்டை நோக்கி வரும்போது டாலி தலையைத் தட்டிலிருந்து எடுக்காது, மெல்லாது, வால் ஆடாது, மூச்சுகூட விடாது. கடைக்கண் மட்டும் அந்தக் கையின் பின்னாலேயே போகும்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்பா இதைச் செய்துகாட்டுவார். "பாத்தீங்களா? பின் ட்ராப்." அவர்கள் கைதட்டாத குறை.

சாம்பல் புதனன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு அப்பா ஒரு சட்டம் போட்டார். எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் கறி, மீன், முட்டை கிடையாது. அது எப்போதும் உள்ள வழக்கம்தான். டாலிக்கு மட்டும் தனியாகச் சங்கரா மீன் தலை வேகும். அந்த வருடம் அதுவும் கூடாது என்றார். "ஒரு வீட்ல ஒருத்தருக்கு மட்டும் மீன் வெந்தா, மத்தவங்க ஒறுத்தலுக்கு என்ன அர்த்தம்? இந்த வீட்ல எல்லாருக்கும் தவக்காலம்." எல்லாருக்கும் என்று சொல்லும்போது அவர் டாலியைப் பார்த்தார்.

சமையலறையில் அத்தை கிசுகிசுத்தார்: "நாய்க்கு என்னம்மா தவக்காலம்? அதுவா ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சுது?" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் முகம் துடைத்ததுபோல் ஆனது. அத்தையின் விரலில் ஜெபமாலை நகர ஆரம்பித்தது.

ஆக, பருப்புச் சாதம், தயிர்ச் சாதம். முதல் வாரம் டாலி தட்டை முகர்ந்துவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது, ஏதோ தப்பு நடந்துவிட்டது, யாராவது கவனியுங்கள் என்பதுபோல. இரண்டாவது வாரம் சாப்பிட ஆரம்பித்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. கிடைத்ததை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். என் சாக்ஸ், சப்பாத்தித் துண்டு, ஒரு தடவை அத்தையின் மூக்குக்கண்ணாடி உறை. சிலுவைப்பாதைக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் பெரிய பெரிய பாவங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல். நான் அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருந்தேன். கீழே டாலி. அத்தைக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு வாளைக் கருவாட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார். கருவாட்டை ஒளிக்கலாம், வாசனையை எங்கே ஒளிப்பது? பள்ளியிலிருந்து வந்த அப்பா நிலைப்படியிலேயே நின்று மூக்கைத் தூக்கினார். நேராக இந்த அறைக்கு வந்தார். அந்த வாரம் அவருக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, டாலியை வெளியே தள்ளுவதற்காக வலது காலைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தார்.

உறுமல் வரவில்லை. குரைப்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒரு சின்ன 'சப்' சத்தம், அவ்வளவுதான். அப்பா காலை இழுத்தபோது டாலி அதோடு சேர்ந்தே வெளியே வந்தது, வாய் அவர் பாதத்தில். பிறகு விட்டுவிட்டுப் பின்வாங்கி, கருவாட்டின்மேல் ஏறி நின்று நடுங்கியது. கடித்தது தான்தானா என்று அதற்கே சந்தேகம் வந்ததுபோல் இருந்தது அது நின்ற நிலை.

அப்பா கத்தவில்லை. அவர் முதலில் பார்த்தது காலை அல்ல, வாசல் கதவை. அது மூடியிருந்தது. அடுத்து என்னைப் பார்த்தார். பாதத்தின் மேல்பக்கம் இரண்டு குழிகளில் இரத்தம் நிறைந்து வழிந்தது. நான் கையில் பிடித்திருந்த பென்சிலை வைப்பதா பிடித்துக்கொண்டிருப்பதா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். "ஒண்ணுமில்ல. நீ மேப் போடு" என்றார்.

அம்மா ஓடிவந்து குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். தடுப்பூசி போட்ட நாய்தான், என்றாலும் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அப்பா எதிர்த்துப் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்கு மாடியிலிருந்து இறங்கியதும் மயக்கம் வந்துவிட்டதால் அம்மா அவரைப் பார்த்துக்கொள்ள, அப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்.

அரசு ஆஸ்பத்திரி. நாய்க்கடி ஊசிக்குத் தனி ஜன்னல். முன்னால் நீள வரிசை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "இன்னா கடிச்சுது? தெரு நாயா, வூட்டு நாயா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "சார்! நீங்களா சார்?" எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், அப்பாவின் பழைய மாணவர். தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்திருக்கிறார். "சார், உங்களையா கடிச்சுது? எந்த நாய்க்கு சார் அவ்ளோ தைரியம் கீது?"

வரிசை மொத்தமும் திரும்பியது. அப்பாவின் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கால்தான் துணிச் சுற்றோடு ஒரு பக்கமாக நின்றது. எனக்கு டாலியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. தலையே அப்பாவின் உள்ளங்கையில் அடங்கிவிடும் டாலி.

"தெரு நாய்" என்றார் அப்பா.

"நம்ம தெருவா சார்? நம்ம தெருவுல மணிதானே சார் கீது?"

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பிறகு "ம்" என்றார்.

பொய் என்றால் நீளமாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரே ஒரு 'ம்' போதும் என்று அன்று தெரிந்தது. அப்பா சாமர்த்தியசாலி என்றுகூட நினைத்தேன். நானும் அதையே வேண்டிக்கொண்டிருந்தேன். பின்ட்ராப்பைப் பொமரேனியன் கடித்தது என்று தெரிந்தால் நான் பள்ளிக்கு எப்படிப் போவேன்?

மணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், வயசான நாய். தெரு முனையில் மீன் விற்கும் அக்கா குப்பத்திலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்தால், பக்கத்தில் மணியும் கடை விரித்துவிடும். குடலும் செவுளும் அதற்கு. தவக்காலத்தில் எங்களைப்போன்ற வீடுகள் வாங்காததால் அக்காவுக்கு வியாபாரம் மந்தம், மணிக்கு விருந்து.

ஜெராக்ஸ் கடைக்காரர் வீடு வந்து சேருவதற்குள் செய்தி தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. உதவித் தலைமை ஆசிரியரையே கடித்துவிட்டது, நாளைக்குக் குழந்தைகளைக் கடிக்காதா என்று கேள்வி எழுந்தது. எதிர் ஃப்ளாட் செயலாளர் மாநகராட்சிக்குப் போன் செய்தார். ஈஸ்டருக்கு முன்னால் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று ஏற்பாடாயிற்று. பிடித்தாலும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் எழுதினார். இந்தத் தடவை விடவே கூடாது என்று பத்துப் பேர் எழுதினார்கள். அம்மாவின் போனில் இதையெல்லாம் நான் படித்துக்காட்ட, அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குருத்து ஞாயிறு பவனியில் அப்பா நொண்டி நடக்க, கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. மறுநாள் காலை மீன்கார அக்கா எங்கள் கேட்டில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். போலீஸ்காரரையே "நைனா, மொதல்ல பெல்ட்ட ஏத்திப் போடு, அப்பால பேசு" என்று சொன்னவர். அன்று குரலே எழும்பவில்லை.

"சாரு, மன்னிச்சுக்க சாரு. நான்தான் சோறு போட்டு வளத்தேன். அது யாரையும் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். நீ சொன்னா பொய்யா இருக்குமா? வண்டிக்காரன் வந்தா நானே புடிச்சிக் குடுத்துடறேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரிம்மா, சரிம்மா" என்றுதான் வந்தது.

அக்கா திரும்பிப் போனார். எங்கள் ஜன்னலிலிருந்து தெரு முனை தெரியும். விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த மணியை அக்கா விளக்குமாற்றால் அடித்தார். "சாரையா கடிச்ச? சாரையா கடிச்ச?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மணி ஓடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர் காலடியில்தான் வந்து படுத்தது. அப்பா ஜன்னலருகே நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு பள்ளிக்குக் கிளம்பினார். கட்டிலுக்கு அடியில் டாலி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தட்டுப் பக்கம் அந்த வாரம் யாரும் போகவில்லை. பரீட்சையும் இல்லை. அம்மா தட்டைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார்.

பெரிய வியாழன் சாயங்காலம் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, பங்குச் சாமியார் மண்டியிட்டு ஒவ்வொருவர் வலது பாதத்தையும் கழுவுவார். அந்த வருடம் அப்பாவும் ஒருவர். விலகிக்கொள்ளப் பார்த்தார். "கால் காயம் ஃபாதர், நல்லா இருக்காது" என்று சொல்லிப் பார்த்தார். சாமியார் அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, "அப்படி நினைக்கறவங்கதான் சார் அங்க உக்காரணும்" என்று சொல்லிவிட்டார்.

கோயில் நிரம்பி வழிந்தது. இடம் போதாமல் வெளியே பந்தல், அங்கேயும் ஒலிபெருக்கி. நான், அம்மா, அத்தை மூவரும் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் மீன்கார அக்கா, தலையில் முக்காடோடு. பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தார்கள். கட்டுப் பிரித்த அப்பாவின் பாதத்தில் இரண்டு கறுத்த வடுக்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன. என் பக்கத்திலிருந்த பாட்டி இன்னொருவரிடம், "தெரு நாய் கடிச்ச கால். அப்படியும் வந்திருக்கார் பாரு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். பாட்டு நின்றிருந்தது. தண்ணீர் பித்தளைப் பாத்திரத்தில் விழும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது, ஏனென்றால் சாமியாரின் சட்டைக் கழுத்தில் குட்டி மைக் ஒன்று குத்தியிருந்தது. அதை அவர் மறந்துவிட்டிருந்தார். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, பாதத்தைக் கையில் வாங்கி, வடுவைப் பார்த்து, அன்பாக, மெதுவாகச் சொன்னார்: "இதுதானா சார்? ரொம்ப ஆழம். கவலைப்படாதீங்க, சனிக்கிழமை வண்டி வந்து அந்த நாயைக் கொண்டுபோயிடும்."

கோயில் முழுவதும் கேட்டது. பந்தலுக்கும் கேட்டது.

அப்பா குனிந்து சாமியாரின் தலையைப் பார்த்தார். அவருடைய பாதம் இன்னொருவர் கையில் இருந்தது. "வண்டி வேணாம் ஃபாதர்" என்றார். "மணி கடிக்கல. எங்க வீட்டு டாலி. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அந்த அமைதியை அப்பா தன் வாழ்நாளில் எந்த வகுப்பிலும் கேட்டிருக்க மாட்டார். குண்டூசி விழுந்திருந்தால் நிச்சயம் கேட்டிருக்கும். பிறகு பந்தல் பக்கம் யாரோ ஒரு பையன் சிரித்தான். அது இன்னொருவனைத் தொட்டது. அதற்குள் மூன்று வரிசை முன்னால், "அய்யோ சாமி, அத அடிச்சிட்டேனே!" என்று ஒரு குரல். மீன்கார அக்கா எழுந்து, முழங்காலில் இருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு, பாதிப் பூசையில் வெளியே ஓடினார். சாமியார் மற்றவர்களுக்குச் செய்தது போலவே தண்ணீர் ஊற்றி, துடைத்து, பாதத்தை முத்தமிட்டார். அப்பா காலைச் செருப்பில் நுழைக்க முயன்று, முயன்று, கடைசியில் வெறுங்காலோடு உட்கார்ந்துகொண்டார்.

மைக் இருந்தது அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. தெரியாது என்பது அம்மாவின் கட்சி. "ஆயுசு முழுக்க அசெம்ப்ளியில மைக் பிடிச்சவனுக்கு மைக் தெரியாதாமா" என்பது அத்தையின் கட்சி. நான் அன்று எந்தக் கட்சியிலும் இல்லை. எனக்கு வெட்கம், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வெட்கம். பொய் சொன்னாரே என்று அல்ல, அதைக் கடைசிவரை காப்பாற்றத் தெரியவில்லையே என்று. திரும்பி வரும்போது இருட்டில் சில பையன்கள் எங்கள் பின்னால் "வவ்! வவ்!" என்று குரைத்தார்கள். அப்பா திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் அடங்கிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. நான் அம்மாவின் மறுபக்கத்துக்குப் போய் நடந்தேன்.

டாலியை என்ன செய்வது என்று பெரிய வெள்ளியன்று பேச்சு நடந்தது. கொட்டிவாக்கத்தில் தோட்டம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடலாம் என்றார் அம்மா. அத்தை ஜெபமாலையைக் கையில் எடுக்காமலேயே, "கருவாடு குடுத்தது நான். என்னையும் அங்க கொண்டுபோய் விடு" என்றார். அப்பா முன்னால் அத்தை அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கோபப்படுவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ, "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆட்டோ ஏறும்போது தெரு முனையில் மீன்கார அக்கா இருந்தார். மணி அவர் பக்கத்தில் வழக்கம்போல் கடை விரித்திருந்தது. அப்பா அருகே போய் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்ற உதவித் தலைமை ஆசிரியரை அன்றுதான் பார்த்தேன். அக்காவே சொன்னார்: "போ சாரு. வஞ்சிரம் போட்டேன் அதுக்கு. அது அப்பவே மறந்துடுச்சு. எனக்குத்தான் மறக்க மாட்டேங்குது."

அடையாறில் நாய் டாக்டர் இளம்பெண். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டாலியின் பல், காது, இடுப்பு எல்லாம் பார்த்து, வலி எதுவும் இல்லை என்றார். பிறகு கேள்விகள். எங்கே சாப்பிடும், யார் வைப்பீர்கள், எதை வைத்துக்கொண்டிருக்கும்போது கடித்தது. அப்பா ஒன்று விடாமல் சொன்னார், தட்டு, ஸ்கேல், தவக்காலம், கட்டில், எல்லாமே.

"கடிக்கறதுக்கு முன்னாடி உறுமலையா சார்?"

"உறுமறதை எப்பவோ நிறுத்திடுச்சு டாக்டர்."

"அது நிறுத்தல சார். நீங்க நிறுத்தினீங்க." டாக்டர் டாலியின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே பேசினார். "உறுமறதுன்னா, எனக்குப் பயமா இருக்கு, கிட்ட வராதீங்கன்னு நாய் சொல்றது. அதுக்கு அடிச்சா பயம் போகாது, சொல்றது மட்டும் போயிடும். அப்புறம் அதுக்குக் கடிதான் மிச்சம்."

அப்பா டாலியைப் பார்த்தபடி, "கை கிட்ட வந்தா அசையாம நிக்கும். அதை நான் ஒழுங்குன்னு நினைச்சேன்" என்றார்.

"அசையாம நிக்கறதுதான் சார் ரொம்பப் பயம்."

அப்புறம் அவர் வழி சொன்னார். சாப்பாட்டுத் தட்டை ஒரு மூலையில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். தட்டில் கை வைக்கவே கூடாது. அந்தப் பக்கம் போகும்போது தூரத்திலிருந்தே ருசியாக ஏதாவது ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு நடந்துவிட வேண்டும், மனுஷன் வந்தால் சாப்பாடு போகாது, வரும் என்று அதற்குப் புரியும்வரை. வாயில் இருப்பதை வாங்க வேண்டுமானால் அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்தால் விட்டுவிட வேண்டும். குழந்தையைத் தனியாக அதனோடு சாப்பிடும் இடத்தில் விடக் கூடாது. இதற்கு நாளாகும், அவசரப்படக் கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் மாணவன்போலத் தலையாட்டினார். எழுந்திருக்கும்போது டாக்டர் சொன்னார்: "திரும்பவும் ஒருநாள் உறுமும் சார். உறுமினா சந்தோஷப்படுங்க. உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

திரும்பும் ஆட்டோ கிளம்பியது. கூடையின் இடுக்கில் டாலியின் மூக்கு தெரிந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பாலம் ஏறியதும் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதுதான் எனக்குப் பாதி கேட்ட அந்தப் பேச்சு. "…அப்படின்னா, உனக்கு என்மேல கோவமே வந்ததில்லையா?"

எனக்கு இது சுலபமான கேள்வி. வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து அவரை நினைத்து நான் எவ்வளவு வெட்கப்பட்டேன், வெட்கத்துக்குக் கீழே எவ்வளவு கோபம் இருந்தது என்பதெல்லாம் எனக்குள் இருந்தது. ஆனால் கேட்பது அப்பா. அப்பாவுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம்.

"இல்லப்பா" என்றேன். "ஒருநாள்கூட வந்ததில்ல."

நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவமானத்தோடு இருக்கும் மனிதருக்கு ஆறுதல் சொல்லிவிட்ட பெருமைகூட எனக்கு இருந்தது. அவர் முகத்தில் அந்த நிறைவு வரும் என்று காத்திருந்தேன். பட்டினப்பாக்கம் திருப்பத்தில் ஆட்டோ சாய்ந்தபோது, அப்பா என் தலையைத் தடவுவதற்குக் கையைத் தூக்கினார். நல்ல பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, கை மடியில், மூச்சை அடக்கி, அசையாமல், அந்தக் கையை மட்டும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

கை பாதியில் நின்றது. அப்பா அதை மெதுவாக இறக்கி, முன்சீட்டின் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து, ஆட்டோ நின்று, நான் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பிறகும் அவர் அந்தக் கம்பியை விடவில்லை.